எந்தத் தேத்தண்ணியின் நிறம்

எங்கள் வீட்டில் தேத்தண்ணி என்றால் கறுப்பாக இருக்க வேண்டும். கிளாஸின் அடி தெரிந்தால் அம்மா அதைத் தேத்தண்ணி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். நல்ல தூளெல்லாம் எங்கெங்கோ போய்விட, தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்கு மாதம் ஒருமுறை கிடைத்தது புழுதி போன்ற தூள். அதை அடுப்பிலேயே விட்டுக் கொதிக்கக் கொதிக்க இறக்குவது பதினொரு வயதான என்னுடைய காலை வேலை. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார், தீபாவளிக்குத்தான் வருவார். வீட்டில் நானும் அம்மாவும்தான்.

அந்த வருடம் தோட்டத்தில் நடந்த வைத்திய முகாமில் அம்மாவின் இரத்தத்தில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்றார்கள். "ரொட்டியும் சம்பலும் திங்கிறவளுக்குக் கொழுப்பாம்" என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் அம்மா.

டவுன் ஆஸ்பத்திரிக்கு என்னையும் கூட்டிப்போனார். துணைக்கல்ல, சிங்களத்துக்கு. கடைத்தெருச் சிங்களம் அம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆஸ்பத்திரியில் வாய் எழாது. எனக்கோ வகுப்பில் சிங்களத்துக்கு முதலாவதாக வந்த திமிர். அங்கிருந்த பெண் டொக்டர் சிங்களத்தில் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்ல, நான் ஒன்றையும் விடாமல் தமிழில் சொன்னேன். தினமும் இரவில் கொழுப்புக்கு ஒரு குளிசை விழுங்க வேண்டும். ஆறு கிழமை, ஒன்றரை மாதம் கழித்து வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். இடையில் காரணமில்லாமல் கைகால் தசை வலித்தாலோ, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, திகதி வரட்டும் என்று இருக்காமல் உடனே வர வேண்டும்.

மூன்றாவது கிழமை அம்மாவின் தொடை வலிக்கத் தொடங்கியது. டொக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தாமல் இல்லை. "அவங்க காரணமில்லாத வலியத்தான சொன்னாங்க? மலை ஏறுற காலு வலிக்காம பின்ன என்ன செய்யும்?" என்றார் அம்மா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எண்ணெய் தேய்த்துவிட்டேன். அடுத்த கிழமை, அடுப்படியில் குந்தியவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். எங்கள் லயத்து வீட்டுப் படியில் பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். நான் அதைப் போலவே நடந்து காட்டிச் சிரித்தேன், அம்மாவும் சிரித்தார். ஆனால் ஒரு நாள்கூட, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் நிற்கவில்லை. கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டேதான் இருந்தார்.

சிறுநீரின் நிறத்தை மட்டும் கவனமாகப் பார்த்தார். காலையில் கக்கூசிலிருந்து வந்ததும் என் கையிலிருக்கும் கிளாஸை எட்டிப் பார்ப்பார். "இன்னும் அந்த நெறத்துக்கு வரல" என்று சொல்லி, நிம்மதியாக வாங்கிக் குடிப்பார். எனக்கும் நிம்மதியாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் தூள் டப்பா காலி. முந்தின நாளே கடையில் தூள் வாங்கச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தார். நான் விளையாட்டில் மறந்துபோனேன். வேறு வழியில்லாமல் பழைய சக்கையையே திரும்பக் கொதிக்க வைத்து வடித்தேன். கிளாஸின் அடி பளிச்சென்று தெரிந்தது. இன்றைக்கு ஏச்சு நிச்சயம் என்று பயந்துகொண்டே நீட்டினேன்.

அம்மா குடிக்கவில்லை. கிளாஸை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏ புள்ள, அந்த டொக்டர் மிஸ்ஸு குடிக்கிற தேத்தண்ணி எந்த நெறத்துல இருக்கும்?"

தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. "டவுன்ல எல்லாரும் இப்புடித்தாம்மா குடிப்பாங்க" என்றேன். டவுனில் யார் எப்படிக் குடிப்பார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அம்மா கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப நாலு நாளா இந்த நெறத்துலதான் போகுது" என்றார். அன்று கூடை ஆணியிலேயே தொங்கியது. முதல் பஸ்ஸில் போனோம்.

அன்றே வார்டில் படுக்க வைத்தார்கள். மருந்தினால் தசை கெட்டு, அது சிறுநீரகத்தையும் தாக்கத் தொடங்கியிருந்தது. குளிசையை நிறுத்திச் சேலைன் ஏற்றினார்கள். தினமும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். தீபாவளி இல்லாமலே அப்பா வந்து இறங்கினார். நிறத்தைச் சரியாகச் சொன்ன கெட்டிக்காரி என்று என் தலையைத் தடவினார். நான் ஒன்றும் மறுக்கவில்லை. தூள் வாங்க மறந்ததை யாரும் கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒரு கிழமை கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனி வேறு மருந்து, மாதாமாதம் இரத்தப் பரிசோதனை என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, தசை வலித்தால் வரச் சொன்னோமே, அம்மாவுக்கு வலிக்கவே இல்லையா என்று கேள் என்றார். கேட்டேன்.

"வலிச்சிச்சுதான். எந்த நாளு வலிக்கல?" என்றார் அம்மா.

நான் அதை ஒரு சொல்லும் பிசகாமல் சிங்களத்தில் சொன்னேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய சிங்களத்தைக் கேட்டுத்தான் அசந்துபோய் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.