கிளிக்குஞ்சைத் தொங்கவிட்ட கொக்கி

பொல்பிட்டியப் பக்கம் மரம் வெட்டப் போயிருந்த என் கணவர், இறகு முளைக்காத கிளிக்குஞ்சு ஒன்றைக் கொண்டுவந்தார். "வீடு வெறிச்சுன்னு கெடக்கு. இது வளரட்டும்" என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியாவுக்குப் பக்கம்; தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு ஓர் அறை. குஞ்சுக்குக் குளிர் தாங்காதே என்று ஒரு கூடையில் கம்பளித் துண்டை விரித்து, லயத்து அறையில் அடுப்புக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்கவிட்டேன். போன மழைக்காலம் வரை எங்கள் பிள்ளையின் தொட்டில் தொங்கிய கொக்கி அது. பிள்ளை சளியில் போய்விட்டது. சூடு வேண்டுமென்று எங்கள் லயத்தில் எல்லோரும் தொட்டிலை அடுப்போரம்தான் கட்டுவோம்.

அன்று கவ்வாத்தில், செடிகளைக் கழித்தபோது வெட்டிய தேயிலைக் குச்சியை ஈரத்தோடு எரித்தேன். கஞ்சி ஊட்டப் போனால், குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவிக்கிறது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரியாயி அக்கா கூடையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"குளிருலயா சாவுது? பொகையிலடி!"

காற்றுப் பட்டதும் குஞ்சு மெல்லக் கத்தியது. அக்கா சிரித்தார். நான் திரும்பி, புகைக்குள் தெரிந்த அந்தத் தொட்டில் கொக்கியைப் பார்த்தேன்.

இப்போது கதவைத் திறந்துவைத்த பிறகே அடுப்பு மூட்டுகிறேன். குஞ்சு கம்பளிக்குள், வாசல் பக்கம் இருக்கிறது. கொக்கியில் கருவாடு தொங்குகிறது.