போணின்னு சொல்லி வாங்குன பத்தாயிரம்

ஏண்டி, ஒங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா? ஏலத்துக்கு வந்தமா, மீன எடுத்தமா, வித்தமா, வூட்டுக்குப் போனமான்னு இருக்காம, "ஆயா, வண்டிக் கதைய சொல்லு, வண்டிக் கதைய சொல்லு"ன்னு எம்மேல ஈயாட்டம் மொய்க்கிறீங்க. ஒருத்தி ஏமாந்த கதையக் கேக்கறதுல அவ்ளோ ஆசை. எனக்குத் தெரியாதா, கேட்டுட்டு அந்தப் பக்கம் போயி சிரிப்பீங்க. ஆனா ஒங்கள்ல ரெண்டு பேரு போன்ல பழைய ஸ்கூட்டி பாத்துக்கினு இருக்கறதா காதுல விழுந்துது. அதுக்காவ சொல்றேன். சும்மா வாயப் பாத்துக்கினு குந்தாதீங்க. அந்த எறால உரிச்சிக்கினே கேளுங்க.

1. வண்டி எதுக்கு

பிள்ளைச்சாவடியில நான் கூடை தூக்க ஆரம்பிச்சி முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆவுது. படிச்சது ரெண்டாங்கிளாஸ். மூணாங்கிளாஸ் டீச்சரு என்னைப் பத்தி கேள்விப்பட்டு வேணாம்னுட்டாங்க. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் வரைக்கும் தலையில வச்சி நடந்திருக்கேன். பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு மூக்கப் புடிச்சிக்கினு எறக்கி வுட்டுருவான். அதே கண்டக்டரு ஞாயித்துக்கெழம எங்கிட்ட வந்து வஞ்சிரம் என்னா வெலன்னு கேப்பான். மீனு வேணும், மீன்காரி வேணாம்.

ஆட்டோவுக்குக் குடுத்தா பாதி லாபம் அதுலயே போயிடும். அதனால நான், மல்லிகா, தனம், குப்பு நாலு பேரும் சேந்து ஒரு லோடு ஆட்டோ வாங்கறதுன்னு முடிவு பண்ணோம். பழசுதான். ஓட்டறதுக்கு எம்மருமவ ரேவதி இருக்கா, லைசென்ஸ் வச்சிருக்கா. ஆளுக்கு ரெண்டாயிரத்தி ஐநூறு போட்டு அட்வான்சுக்குப் பத்தாயிரம் எங்கிட்ட குடுத்து வச்சாங்க. மீதிக்கு மகளிர் குழுவுல லோன்.

அதுல ஒரு அவசரமும் இருந்துது. தவக்காலம் வருது. உப்பளத்துல மாதா கோயிலுக்குப் போற வூடுங்க வெள்ளிக்கெழம கறி தொட மாட்டாங்க, மீனுதான். அங்க ஒரு மதாம் இருக்காங்க, அவங்க வூட்டுக்காரரு பிரெஞ்சு மிலிட்டரியில சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்தவரு. அந்த மதாம் வூட்டுக்கு மட்டும் வெள்ளிக்கெழம மூணு கிலோ போவும். அந்த நாப்பது நாளுக்குள்ள வண்டி வந்துட்டா லோன்ல பாதிய அடைச்சிடலாம்னு எங்க நெனப்பு.

2. நான் பண்ண தப்பு

ரேவதி போன்ல தேடி ஒரு வண்டியக் காமிச்சா. போட்டோவுல மாப்புள்ள கணக்கா நிக்குது. ஒரே ஓனரு, பூ யாவாரி வச்சிருந்த வண்டி, எஃப்.சி. இருக்குன்னு போட்டிருந்தான். பைபாஸ் ரோட்டுல கட. காலைல ஒன்பதரைக்கு போன் போட்டோம்.

அந்தக் கடைக்காரன் பேரு இப்ப வேணாம். நான் வச்ச பேரு செண்டு. கிட்டப் போனா அவ்ளோ செண்டு வாசன. போன்லயே அந்த வாசன வந்துது, அப்பிடிப் பேசுனான்.

"ஆயா, மூணு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க. டோக்கன் பத்தாயிரம் போட்டு வச்சீங்கன்னா வண்டி ஒங்களுது."

"நேர்ல பாத்துட்டு தரேன் தம்பி."

"பாருங்க, பாருங்க. ஆனா ஆயா, இன்னிக்கு கட தொறந்து ஒங்க போன்தான் மொத போன். நீங்கதான் போணி. யாவாரம் பண்றவங்க நீங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா? போணிய ஒடைக்காதீங்க."

இங்கதான் விழுந்தேன். படிச்சவளா இருந்தா விழுந்திருக்க மாட்டா. ஒங்களுக்கே தெரியும், காலைல மொத ஆளு வந்து வெல கேட்டா நஷ்டத்துக்குக்கூட குடுத்து அனுப்புவோம். மொத கை வெறுங்கையா போனா அன்னிக்கு பூரா கூடை கனமாத்தான் இருக்கும்னு நம்பறவ நான். இன்னொருத்தன் போணிய நான் ஒடைக்கலாமான்னு மனசு கேக்கல. ரேவதி, "அத்த, பாக்காம வேணாம்"னு கையப் புடிச்சா. "நீ சும்மா இருடி, யாவாரத்தப் பத்தி எனக்கு சொல்லித் தராத"ன்னு அவ போன்லயே அனுப்ப வச்சேன். பத்தாயிரம். நாலு பொம்பளைங்க காசு.

3. செவுளத் தூக்கிப் பாத்தேன்

மறுநா மீன வித்துட்டு நானும் ரேவதியும் போனோம். வண்டி போட்டோவுல இருந்த மாதிரியே பளபளன்னு நின்னுது. செண்டு டீ வாங்கிக் குடுத்தான். எஞ்சின ஏற்கெனவே ஓட வுட்டு வச்சிருந்தான்.

ஒரு ரகசியம் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. ரெண்டாம் நாளு சங்கராவ மொத நாளு சங்கராவாக் காட்டறது எப்பிடின்னு எனக்குத் தெரியும். ஐஸ்தண்ணி தெளிச்சு, நல்ல பக்கத்த மேல வச்சி, வெயிலு படற மாதிரி அடுக்குனா மீனு கண்ணடிக்கும். இப்ப பண்றதில்ல. பண்ணியிருக்கேன். அதனால பளபளன்னு ஒண்ணப் பாத்தாலே கை தானா செவுளுக்குப் போயிடும். வண்டிக்கு செவுளு எங்க இருக்கு? அடியில.

சேலைய இழுத்து சொருவிக்கினு வண்டிக்கு அடியில படுத்துட்டேன்.

"ஆயா, ஆயா, அழுக்காயிடும், எழுந்துருங்க"ன்னு செண்டு பதறுறான்.

"எஞ்சேலைக்கு மேல அழுக்கா தம்பி ஒங்கடையில இருக்கு?"

அடியில பூரா கறுப்பு பெயிண்டு, புதுசு. இடுப்புல இருந்த மீன் கத்திய எடுத்து லேசா சொரண்டுனேன். அப்பளமாட்டம் பேந்து வந்துது. உள்ள இரும்பு இல்ல, துரு. விரல வச்சா உள்ள போவுது. பக்கத்துல மூக்கக் கொண்டு போனேன். அந்த வாசன எனக்குப் பழக்கம். முப்பத்தஞ்சு வருசமா நான் வூட்டுக்குள்ள வந்தா எனக்கு முன்னாடி வர்ற வாசன.

எழுந்து பின்னாடி போயி தொட்டிக் கதவோட கீல்ல நகத்த வுட்டு நோண்டுனேன். செதிலு. காஞ்சு போன ஒரு கெழங்கா மீன் செதிலு. எடுத்து செண்டு உள்ளங்கையில வச்சேன்.

"பூ யாவாரின்னியே தம்பி. மல்லிப்பூவுக்கு செதிலு எப்பலேந்து மொளைக்குது?"

மீன்வண்டி அது. உப்பு ஐஸ்தண்ணி வருசக்கணக்கா ஒழுவி ஒழுவி அடி செத்துப் போன வண்டி. அதை ஒரு மீன்காரிக்கே விக்கப் பாத்திருக்கான். ரேவதி ஆர்.சி. புக்க வாங்கிப் பாத்தா, ஓனரு மூணாவது ஆளு.

"வண்டி வேணாம், காசக் குடு"ன்னேன்.

மொகம் மாறிடுச்சு. "டோக்கன் திருப்பித் தர மாட்டோம்னு போன்ல அந்தப் போட்டோவுக்குக் கீழ போட்டிருக்கு. படிக்கலையா?" ரேவதிகிட்ட திரும்பி, "நீயாவது படிச்சு சொல்லியிருக்கலாம்ல"ன்னான். அப்பறம் எம்பக்கம் குனிஞ்சு, ரொம்ப அக்கறையா பேசறவனாட்டம் சொன்னான்: "இத வெளிய பேசாதீங்க ஆயா. கைநாட்டுக் கெழவி போட்டோவப் பாத்து பத்தாயிரத்த வுட்டான்னு ஊரே சிரிக்கும். ஒங்களுக்குத்தான் அசிங்கம்."

நான் கைநாட்டு இல்ல. அஞ்சலைன்னு தமிழ்ல கையெழுத்து போடுவேன். "ஞ்ச" கொஞ்சம் கோணும்.

4. நாலு பேரு

காசு போனத வுட, அத மத்த மூணு பேருகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துது. சொன்னேன். குப்பு தலையில கை வச்சிக்கினு குந்திட்டா. மல்லிகா, "போனா போவுது அக்கா, ஆளுக்கு ரெண்டரைதான"ன்னா. அவ திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். தனம்தான் நெஞ்சுல குத்தற மாதிரி பேசுனா.

"எம்பங்கக் குடுத்துடு அக்கா. எனக்கு வண்டியும் வேணாம், கூட்டும் வேணாம். நான் பஸ்ஸுலயே போயிக்கிறேன்."

தனம் போனா குப்பும் போவா. ரெண்டு பேரு போனா லோனும் கெடையாது, வண்டியும் கெடையாது. இன்னும் பத்து வருசத்துக்கு கண்டக்டரு மூக்கப் பாத்துக்கினு நிக்க வேண்டியதுதான்.

ரேவதி போன்லயே நுகர்வோர் ஆபீசுக்குப் புகாரு எழுதிப் போட்டா. ஒரு புகாரு நம்பரு வந்துது. அது வர்றப்ப வரட்டும்னு நான் வேற ஒண்ணு நெனச்சேன். என்னை எதை வச்சி ஏமாத்துனான்? போணிய வச்சி. கடை வாசல்ல எலுமிச்சம்பழமும் மொளகாவும் கட்டித் தொங்க வுட்டிருந்தான், பாத்தேன். அப்ப அவனும் நம்பறவன்தான்.

5. மொத கஸ்டமரு

திங்கக்கெழம ஒன்பதரைக்கு அவன் சூடம் ஏத்தி கும்புட்டுத் திரும்பறான், வாசல்ல நான் நிக்கறேன்.

"இது என்னா வெல?"ன்னு ஒரு வெள்ளக் காரக் காமிச்சேன்.

"ஆயா, வெளாடாதீங்க."

"கஸ்டமரு வெல கேட்டா சொல்ல மாட்டியா?"

சொன்னான். "வேணாம்"னேன். அடுத்த வண்டி. "வேணாம்." இருந்த பதினோரு வண்டிக்கும் வெல கேட்டு, பதினோரு தடவ வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். என் கூடைய மல்லிகா அவ கூடையோட சேத்து வித்துக் குடுத்தா.

செவ்வாக்கெழமயும் போனேன். அன்னிக்கு அவன் கண்ணு செவந்து இருந்துது. நேத்து ஒண்ணும் ஓடல போல. நான் போனதாலயா, வண்டிங்க லட்சணத்தாலயா, எனக்குத் தெரியாது. அவனுக்கு சந்தேகமே கெடையாது.

"காலங்காத்தால வந்து உயிர எடுக்காதீங்க. போலீஸ்ல சொல்லுவேன்."

"சொல்லு. ஒரு கெழவி வண்டி வெல கேட்டான்னு எழுதிக் குடு. நானும் கூட வரேன், ஆர்.சி. புக்க எடுத்துக்கினு வா."

புதன்கெழம கடைய எட்டு மணிக்கே தொறந்துட்டான். பாவம். மூணு மணிக்கு எழுந்து ஏலத்துல நிக்கறவகிட்ட எட்டு மணிய வச்சிப் பயமுறுத்தறான். ஏழரைக்கே வாசல்ல குந்திக்கினு வெத்தல போட்டுக்கினு இருந்தேன்.

வியாழக்கெழம அவனோட கூட்டாளி ஒருத்தன வர வச்சி, கையில பணத்தோட கேட்டுல நிறுத்தி வச்சான். போணிக்கு வாடகை ஆளு. அவன் எனக்கு முன்னாடி உள்ள நொழையப் போறான், பின்னாடிலேந்து ஒரு கொரலு: "அண்ணே, நில்லுங்க. வண்டி வாங்கவா வந்தீங்க? அந்தக் கறுப்பு பெயிண்ட கொஞ்சம் சொரண்டிப் பாருங்க." திரும்புனா தனம். கூடையோட வந்திருக்கா. எம்பக்கத்துல வந்து குந்துனா. நான் வெத்தலய நீட்டுனேன். கூட்டாளி அப்பிடியே பைக்க எடுத்துக்கினு போயிட்டான்.

வெள்ளிக்கெழம நாலு பேரும் போனோம். உள்ள ஒரு குடும்பம் காரு பாத்துக்கினு இருந்துது, புருஷன், பொண்டாட்டி, ஒரு பாட்டி. செண்டு ஓடி வந்து எங்கைய ஓரமா இழுத்தான்.

"ஆயா, வேற வண்டி தரேன். இருவதாயிரம் கம்மி பண்ணி தரேன்."

"ஒங்கிட்ட வேணாம்."

"சரி, இந்தாங்க, பத்தாயிரம். எடுத்துக்கினு போங்க." நோட்ட சுருட்டி கையில திணிக்கறான், அந்தக் குடும்பத்துக்குத் தெரியாம.

நான் கைய மூடிக்கினேன். "போன்லதான வாங்குன? போன்லயே போடு."

கூடையிலேந்து நம்ம பொட்டிய எடுத்தேன். அதான், மீன் வாங்கறவங்க ஸ்கேன் பண்ணா சத்தம் போடுமே, அது. சத்தத்த முழுசா வச்சி அவன் டேபிள் மேல வச்சேன். அவன் பொட்டியப் பாத்தான், அந்தக் குடும்பத்தப் பாத்தான், எங்க நாலு பேரையும் பாத்தான். வேற வழி இல்ல. ஸ்கேன் பண்ணான்.

பொட்டி கடை முழுக்கக் கேக்கற மாதிரி சொல்லுது: "ரூபாய் பத்தாயிரம் பெறப்பட்டது."

அந்தப் பாட்டி என்னப் பாத்து, "எதுக்கும்மா காசு திருப்பிக் குடுக்கறாங்க?"ன்னு கேட்டாங்க. நான் பொய் சொல்ற ஆளா? மீன் வாசன வர்ற பூ வண்டியப் பத்தி ஒண்ணு வுடாம சொன்னேன். அவங்க மருமவன் நான் பேசிக்கினு இருக்கும்போதே காருக்கு அடியில படுத்துட்டாரு.

6. ஸ்கூட்டி பாக்கறவளுங்களுக்கு

எம்மாதிரி போணிக்கு மயங்காதீங்க. கண்ணால பாக்காம ஒத்த ரூவா அனுப்பாதீங்க. "மூணு பேரு பாத்துட்டாங்க"ன்னா, அதுல ஒருத்தருக்கே குடுத்துடுன்னு சொல்லுங்க. நீங்க போறதுக்கு முன்னாடி எஞ்சின ஓட வுட மாட்டேன்னு அவன் சொன்னாலும், போனதும் கைய வச்சிப் பாருங்க, சூடா இருந்தா மொதல்லயே ஓட வுட்டு ஸ்டார்ட்டிங் கோளாற மறைக்கறான். அடியில குனிஞ்சு பாருங்க. புக்க வாங்கிப் படிங்க, தெரியலன்னா படிக்கத் தெரிஞ்சவள கூட்டிக்கினு போயி, அவ கையப் புடிச்சி இழுத்தா நில்லுங்க. நான் நிக்கல. இப்ப லாஸ்பேட்டையில தண்ணி கேன் போட்டுக்கினு இருந்த ஒருத்தர்கிட்ட வாங்குன வண்டி ஓடுது பாருங்க, அது ரேவதி மூணு தடவ வேணாம்னு சொல்லி நாலாவதா சரின்னு சொன்ன வண்டி. தவக்காலம் ஆரம்பிச்சு ரெண்டாவது வெள்ளிக்கெழமதான் வந்துது. மொத வெள்ளிக்கெழம மதாம் வூட்டு மூணு கிலோவ ஆட்டோவுலதான் கொண்டு போனேன், லாபம் ஆட்டோவுக்கே போச்சு. போவட்டும்.

காசு வந்த அன்னிக்கு சாயங்காலம் தெருக்கொழாயில தண்ணி புடிக்கப் போனேன். அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் கொடத்த வச்சிக்கினு நிக்கறாளுங்க. ஒருத்தி மெதுவா, "என்னா ஆயா, வண்டி வாங்கப் போனீங்களாமே, ஏதோ ஆயிடுச்சாமே"ன்னு இழுத்தா.

கொடத்த எறக்கி வச்சிட்டு சொன்னேன்: "ஏமாந்துட்டேன்டி. போட்டோவப் பாத்து பத்தாயிரத்த நானேதான் அனுப்புனேன், மருமவ வேணாம்னு சொல்லியும். அஞ்சு நாளு வாசல்ல குந்தி வாங்கிக்கினு வந்தேன். நல்லா சிரிங்க, நான் இருக்கேன், சிரிச்சி முடிங்க. முடிச்சதும் சொல்லுங்க, அந்தக் கட எங்க இருக்குது, அவன் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு வெவரமா சொல்றேன். இத நான் வெளிய சொல்ல மாட்டேன்னு நம்பித்தான் அவன் கட தொறந்து வச்சிருக்கான்."