சாவுக்குப் போகாதவள்

எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சாவுக்குப் போகாதவள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. என் அண்ணன்தான் ஒருநாள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம். காதுகுத்துக்குப் போகாவிட்டால் கவனிக்கக்கூட மாட்டார்கள். சாவுக்குப் போகாததை மட்டும் மறக்க மாட்டார்கள். நான் போகாமல் விட்டது ஒன்றிரண்டு இல்லை. ஏன் போகவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பதிலாக என் மகளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எனக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கியது. எங்கள் தெருமுனை வழியாக ஒரு பிணத்தை எடுத்துப்போயிருந்தார்கள். ஊர்வலத்தில் இறைத்த சாமந்தியும் ரோஜா இதழும் ரோட்டில் ஒட்டிக் கிடந்தன. பள்ளிவிட்டு வந்தவள் அதை மிதித்துவிட்டாள். அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. ஆஸ்பத்திரியில் படுத்து, பிழைத்து வந்தேன். ஆனால் அவள் மனதில் அந்தப் பூவும் என் காய்ச்சலும் முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன. அந்தச் செருப்பை அவள் குப்பையில் போட்டபோது, புதுச் செருப்புக்கு அடி போடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்தத் தெரு வேண்டாம் என்றாள். சாவு மேளம் கேட்டால் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கண்ணில் பட்டால் வீட்டுக்கு வந்து முகத்தையும் கையையும் கழுவிக்கொண்டே இருப்பாள். கைகள் வெடித்து, குழம்புச் சோறு பிசைந்தால் எரியும் அளவுக்கு ஆனது. திருத்தணியில் பூவை மிதிக்காமல் எங்கே நடப்பது? ஆடிக் கிருத்திகைக்கு ஊர் கொள்ளாத கூட்டம் பூக்காவடி எடுத்துக்கொண்டு மலைக்குப் போகும். ரோடெல்லாம் பூவாகக் கிடக்கும். எது காவடிப் பூ, எது பிணத்துப் பூ என்று யார் கண்டது? அந்த நாட்களில் அவள் வாசற்படியைத் தாண்ட மாட்டாள்.

நான் வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி வரும்.

"எந்தத் தெரு வழியா வந்த? அங்க எதுனா சாவு இருந்ததா?"

"இல்லடி."

"பூ மிதிச்சியா? உனக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?"

"ஒண்ணும் ஆகாது."

"நல்லா யோசிச்சி சொல்லும்மா."

"யோசிச்சிட்டேன். ஒண்ணும் ஆகாது."

சாப்பிட உட்கார்ந்தால் மறுபடியும் அதே கேள்வி. விளக்கை அணைத்தால் மறுபடியும். நான் கோபக்காரி. சில நாள் கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, நானே பக்கத்தில் போய் உட்கார்ந்து "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். "சின்னப் பொண்ணுதான, போகப் போக சரியாப் பூடும். அவ சொல்றபடி கேட்டுகினு போ" என்று வீடியோ காலில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அவள் சொல்றபடிதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மையார்குப்பத்தில் அண்ணியின் அம்மா இறந்தபோது, கிளம்பி நின்ற என்னை மகள் கதவருகே மறித்தாள். அடம் பிடிக்கிற குழந்தையின் முகம் இல்லை அது. உடம்பெல்லாம் நடுங்கியது. "போனா நீ செத்துருவம்மா" என்றாள். நான் புடவையை மாற்றிக்கொண்டு, அண்ணனுக்குப் போன் செய்து, காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அடுத்தது எதிர்வீட்டுப் பெரியவர். நான் டெங்குவில் கிடந்தபோது என் மகளுக்குச் சோறு போட்ட வீடு அது. அவர் பந்தலில் கிடத்தப்பட்டிருந்தார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ரோட்டைத் தாண்டினால் போதும், போகவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமாக நான் உட்கார்ந்ததில்லை.

சாவுக்குப் பத்திரிகை வைத்து அழைப்பதில்லை, சொல்லி அனுப்புவார்கள். எனக்குச் சொல்லி அனுப்புவதை நிறுத்தினார்கள். யார் போனார் என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம் மற்றவையும் ஒவ்வொன்றாக நின்றன. தண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு போனால் அங்கே ஓடிக்கொண்டிருந்த பேச்சு அடங்கிவிடும். தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து வரும் அதிரசக் கிண்ணம் வரவில்லை. நான் அனுப்பிய கிண்ணம் அப்படியே திரும்பி வந்தது. போனில் பேச ஆள் இல்லாமல், ரீசார்ஜ் கம்பெனிக்காரி பேசினால்கூட முழுசாகக் கேட்டுவிட்டு வைத்திருக்கிறேன்.

மகள் பெரியவளானபோது சின்ன மண்டபமாகப் பிடித்தேன். அதிலேயே பாதி நாற்காலி காலி. சொந்தத்தில் அண்ணன் மட்டும் தாய்மாமன் சீரோடு வந்தான். அண்ணி வரவில்லை. அவன் முன்வரிசையில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுக் காலை நீட்டிக்கொண்டு, "எவ்ளோ வசதியா கீது பாரு. கூட்டம் வந்திருந்தா உக்கார எடம் கெடைக்குமா?" என்றான். நான் சிரித்துவிட்டுச் சமையல்கட்டில் போய் அழுதேன். மாலையை அவன் நீட்டியபோது மகள் பின்னால் நகர்ந்தாள். அவன் மாமியார் காரியத்துக்குப் போனவன் ஆயிற்றே. எனக்கு உயிரே போய்விட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. மாலையை நாற்காலி மேல் வைத்துவிட்டு, "தோ, இங்க வெச்சிட்டேன். உனுக்கு எப்ப தோணுதோ அப்ப போட்டுக்கோ கண்ணு" என்றான். என்ன ஏது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாமலே அப்படி நடந்துகொண்டான்.

மந்திரித்துக் கயிறு கட்டினேன். மலைக்கு வேண்டிக்கொண்டேன். சர்ச்சுக்குப் போகிற பக்கத்துத் தெரு அக்கா வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார், அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் பள்ளியில் ஒரு டீச்சர் அவள் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டதும்தான் இதற்கென்று டாக்டர் இருப்பது தெரிந்தது. சென்னைக்கு லோக்கல் ரயிலில் போக ஆரம்பித்தோம். மனநல மருத்துவர் மாத்திரை ஒன்று எழுதினார். பேசிப் பழக்குவதற்கு ஓர் இளம்பெண் இருந்தார். என் மகள் அவரிடம் முதல் நாளே வாதாடினாள்.

"சாவுக்குப் போனா எல்லாரும்தான் குளிக்கிறாங்க. எனக்கு மட்டும் ஏன் வியாதின்றீங்க?"

"எல்லாரும் ஒரு தடவை குளிச்சிட்டுச் சாப்பிட உக்காந்துடறாங்க. உன்னால உக்கார முடியுதா?"

மகள் அழுதாள். பிறகு அந்தப் பெண் என்னை உள்ளே கூப்பிட்டார். "முதல் வேலை உங்களுக்குத்தாம்மா. இனிமே 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லாதீங்க. சொன்னா கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் முன்னைவிட அதிகமா கேப்பா. 'தெரியல'ன்னு சொல்லுங்க."

"பெத்த புள்ளைகிட்ட எப்படிங்க அப்படிச் சொல்றது?"

"நிஜமா உங்களுக்குத் தெரியுமா, ஒண்ணும் ஆகாதுன்னு?"

எனக்குச் சுருக்கென்றது. வரும் வழியெல்லாம் மனசுக்குள் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். கல்யாணம் ஆகாதவள், குழந்தை பெறாதவள், இவளுக்கு என்ன தெரியும் என்று. மணவூர் ஸ்டேஷன் தாண்டும்போது மகள் கேட்டாள், "உனக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?" என்று. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "தெரியல" என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டு எதிர் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

அந்த மாதங்கள்தான் இருப்பதிலேயே மோசம். ஊரில் பேச யாரும் இல்லாமல் போன பிறகு எனக்கு மிச்சமிருந்த பேச்சு அவளுடைய கேள்வி ஒன்றுதான். அதற்கும் "தெரியல" என்று சொல்லி முடித்துவிட வேண்டியிருந்தது. அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைப்பேன். "நீ எனக்கு அம்மாவே இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். அதற்கும் "தெரியல" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவள் முறைத்தாள், பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அந்த மாதங்களில் அவள் சிரித்தது எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

பயங்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை அவளே அடுக்கினாள். கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்தோம். சாவு என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொன்னாள். பேருந்து நிலையத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை நின்று படித்தாள். பிறகு அதைத் தொட்டாள், தொட்ட கையோடு அங்கேயே ஒரு சமோசா தின்றாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. சமோசா காரமா என்று கடைக்காரர் கேட்டார். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு என் கையைப் பிடிக்காமல் பூக்கிடந்த ரோட்டில் நடந்தாள். நடுவில் பல நாள் பின்னாலும் போனோம்.

எல்லாவற்றுக்கும் மேல்படி, நான் ஒரு சாவுக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வருவது. அதற்கு யாராவது சாக வேண்டுமே! செத்தாலும் எனக்குச் சொல்ல ஆள் வேண்டுமே! இதை அந்தப் பெண்ணிடம் நான் சொன்னபோது அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். என் அண்ணனாக இருக்கும் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

மாரடைப்பு. விடியற்காலையில் தறியை ஓட்டப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். அண்ணியின் தம்பி போன் செய்து, "சொல்லணும்னு சொன்னாங்க, சொல்லிட்டேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றான். மகள் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா போயிட்டாருடி. நான் போறேன்" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது இல்ல?"

அன்றைக்கு மட்டும் பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. "தெரியல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் அண்ணனுக்காக அழுதேனா, அவளுக்காக அழுதேனா, எனக்கே புரியவில்லை.

துக்கத்துக்காக அண்ணன் தெரு முழுக்கத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குள் அண்ணன் படுத்திருந்தான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் துக்க வீட்டுக்குள் வந்தால், உட்கார்ந்திருக்கிற பெண்கள் இரண்டு கையையும் நீட்டுவார்கள். வந்தவள் குனிந்து தோளைக் கட்டிக்கொள்ள, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். யாருக்கு யார் சொந்தம் என்பது அந்தக் கைகளில் தெரிந்துவிடும். நான் போய் நின்றேன். ஒரு கையும் நீளவில்லை. அண்ணி என்னைப் பார்த்துவிட்டுப் பெட்டி பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அம்மாவுக்கு நான் அழவில்லை, அவள் புருஷனுக்கு என்னோடு ஏன் அழ வேண்டும்? நியாயம்தான். நான் அண்ணனின் கால்மாட்டில் தனியாக உட்கார்ந்தேன். தனியாக அழுவது அவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சத்தமே வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு வாசலில் ஒரு சலசலப்பு. நிமிர்ந்தேன். என் மகள் நின்றுகொண்டிருந்தாள். தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள். இது அவள் அடுக்கிய எந்தப் படியிலும் இல்லை. பழைய மாலைகளைக் குவித்துப்போட்டிருந்த இடத்தில்தான் எல்லோரும் செருப்பை விட்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு தன் செருப்பையும் அந்தக் குவியலிலேயே கழற்றிவிட்டு, உதிர்ந்த பூவின் மேல் வெறுங்காலோடு உள்ளே வந்தாள்.

நேராக என் முன்னால் வந்து மண்டிபோட்டு இரண்டு கையையும் நீட்டினாள். என் தோளைக் கட்டிக்கொண்டு தலையோடு தலை வைத்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. அப்போதுதான் எனக்குச் சத்தம் வந்தது. என் அண்ணனைச் சொல்லி, வாய்விட்டு அழுதேன். அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. பயம் தாங்காமல் நான்தான் அவள் காதில் கேட்டேன்.

"உனக்கு ஒண்ணும் ஆகாது இல்லடி?"

"தெரியலம்மா" என்றாள். கையை எடுக்கவில்லை.