அம்மாவுக்கு நான் கொடுத்த இம்போசிஷன்

எனக்கு வாய்த்த முதல் மாணவி என் அம்மாதான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

சேலையூரில் நான் ஆறாம் வகுப்பு படித்த பள்ளியில்தான் அம்மா ஆயாவாக இருந்தாள். லேபில் உதவியாளர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, பத்தாவது பாஸ் பண்ணிவிட்டால் அது உனக்குத்தான் என்று பிரின்சிபால் மேடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் கணக்கு ஒன்றுதான் பாக்கி. பத்தாவது படிக்கும்போது ஒருநாள் எழுந்து நின்று சந்தேகம் கேட்டாளாம். வகுப்பே சிரித்ததாம். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை.

டியூஷன் போகக் கூச்சப்பட்டதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சாயந்திரம் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அம்மா நோட்டோடு தரையில் உட்காருவாள். நான் கட்டில் மேல், கையில் மர ஸ்கேலுடன். "ஸ்டெப் எங்க? ஸ்டெப்புக்குத்தான் மார்க்கு!" என்று எங்கள் கணக்கு மிஸ் மாதிரியே அதட்டுவேன். பேப்பருக்குப் பின்னால் அப்பாவின் தோள் குலுங்கும்.

அன்று பின்னக் கூட்டல். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்ட வேண்டும். மேலே இருக்கும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் இரண்டு, கீழே இருக்கும் இரண்டையும் மூன்றையும் கூட்டினால் ஐந்து, ஆக விடை ஐந்தில் இரண்டு என்று ஸ்டெப் ஸ்டெப்பாக விளக்கினேன். அம்மா எழுதாமல் பென்சிலால் தலையைச் சொறிந்தாள்.

"இன்னாடி இது, இடிக்குதே. அஞ்சு இட்லில ரெண்டுன்னா பாதிகூட இல்ல. பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா, பாதியவிட எப்படிடி கொறையும்?"

பதில் தெரியாத டீச்சருக்குக் கோபம்தானே வரும்? எதிர்த்துப் பேசியதற்காக அதையே பத்து முறை எழுதச் சொன்னேன். அம்மா மார்ஜின் போட்டு, குண்டு குண்டாக எழுதிக் காட்டினாள்.

அடுத்த வாரம் என் வகுப்புத் தேர்வுத் தாள் கைக்கு வந்தது. அதே மாதிரிக் கணக்கு, அதே ஸ்டெப்புகள், பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய முட்டை. அம்மாவின் பரீட்சைக்கு மூன்று நாள்தான் இருந்தது. சொன்னால் டீச்சரின் மானம் போகும், சொல்லாவிட்டால் லேப் வேலை போகும். வெட்கக்கேடு, மூன்று நாளும் நான் மானத்தின் பக்கமே இருந்தேன். தாள் அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது.

பரீட்சையன்று காலை அம்மாவை வழியனுப்ப கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். தூரத்தில் தாம்பரம் பஸ்ஸைப் பார்த்ததும் தாங்கவில்லை. "நான் சொல்லிக்குடுத்தது தப்பும்மா" என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

"தெரியும்டி" என்றாள் அம்மா. "கீழ ரெண்டுக்கும் பொதுவா ஆறு வெச்சிக்கணும். அரைன்னா ஆறுல மூணு. மூணுல ஒண்ணுன்னா ஆறுல ரெண்டு. கூட்டுனா ஆறுல அஞ்சு. இப்போ சரியாத்தான கீது?"

"யாரும்மா சொன்னா?"

"உங்க கணக்கு மிஸ்ஸுதான். ஸ்டாஃப் ரூம் பெருக்கப் போனப்போ கேட்டேன்."

என் அழுகை சட்டென்று ஆத்திரமாக மாறியது. என் மிஸ்ஸிடமா? வீட்டில் நான் டீச்சராக இருப்பதெல்லாம் இந்நேரம் தெரிந்திருக்குமே!

"எல்லாரும் இருந்தாங்களா? சிரிச்சாங்களா?"

"எல்லாரும்தான் இருந்தாங்க. யாரும் சிரிக்கல" என்றபடி அம்மா பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அம்மா நாற்பத்தொரு மார்க் வாங்கினாள். லேப் வேலையும் கிடைத்தது. எல்லாம் என் டீச்சிங் என்று தெருவில் கொஞ்ச நாள் நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வகுப்பு சிரித்த அந்த நாளிலிருந்து, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை டீச்சர்களுக்கு முன்னால் "மிஸ், எனக்கு ஒரு டவுட்" என்று கேட்கும் நாள்வரை அம்மாவுக்குப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது. அது அப்போது எனக்குப் புரிந்திருந்தால் அந்த பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டியிருப்பேன்.