முருகன் சட்டைப்பையில் சீனி

போன வாரம் ரத்தம் எடுப்பதற்கு முன் விரல் நுனியில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தார்கள். அந்த வாசனை என்னை நேராக டெல்லி முனிர்காவுக்குக் கொண்டுபோய் விட்டது. எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. சொன்னால் நண்பர்கள், "வாங்க, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா" என்று கை கொடுக்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். உள்ளுக்குள் பயம்தான்.

டெல்லிக்கு வேலைக்கு வந்த புதிதில் தங்கராஜ் அண்ணாச்சி வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மகள் செல்வி நொய்டாவில். வீட்டில் அவரும் மகன் முருகனும்தான். நான் வைத்த ரசத்தின் வாசனை கீழே போனதாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எனக்கு அங்கேதான் என்று ஆகிவிட்டது.

முருகனுக்கு அப்போது முப்பது தாண்டியிருக்கும். எண்ணத் தெரியாது, சட்டைப் பித்தானை மாற்றிப் போடுவான். முகத்தைப் பார்க்க மாட்டான், ஆனால் கையைப் பிடித்தால் விட மாட்டான். வயிற்றில் இருந்தபோது அம்மா கிரகணத்தைப் பார்த்ததால் இப்படி ஆயிற்று என்று ஊரில் சொன்னார்களாம். அவன் அம்மாவோ, மாசமாக இருந்தபோது பஸ்ஸிலிருந்து விழுந்ததுதான் காரணம் என்று கடைசிவரை தன்னையே நொந்துகொண்டார்.

செல்வி பிள்ளை பெற்றுக்கொள்ள யோசித்தபோதுதான் டாக்டர் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். முருகனுக்கு இருப்பது மரபணுக் கோளாறு, அம்மா வழியாக வந்தது என்று தெரிந்தது. செல்விக்கு அது இல்லை. அன்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டார், பிறகு முருகனைப் பார்க்கவே சங்கடப்பட்டார்.

"அவ இதக் கேக்காமலே போயிட்டா தம்பி. விழுந்ததாலன்னு நெனச்சு அழுதா. இது தெரிஞ்சிருந்தா வேற மாதிரி அழுதிருப்பா," என்றார்.

அண்ணாச்சிக்கு இன்சுலின் ஊசி. சில நாள் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். அதற்காக முருகனுக்கு ஒன்றே ஒன்றைப் பழக்கியிருந்தார்: அப்பா பேசாமல் கிடந்தால் வாயில் சீனி போட வேண்டும். மாதக்கணக்கில் கட்டிலில் மயங்கியதுபோல் நடித்து, கரண்டியைக் கையில் கொடுத்துச் சொல்லித்தந்தார். அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கும், கூடவே எறும்புகளும். எங்கள் ஊரிலும் சீனி, இந்திக்காரர்களுக்கும் சீனி. தீர்ந்துபோனால் கடைக்கு ஓடி, "பையா, சீனி தோ" என்று இந்தியில் கேட்டு அவனே வாங்கிவருவான்.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணாச்சிக்குக் காய்ச்சல் கண்டது. ஓயாத தாகம், அடிக்கடி பாத்ரூம். வயசானால் அப்படித்தான் என்று இருந்துவிட்டார். ஞாயிறு மதியம் நான் கீழே இறங்கியபோது கட்டிலில் ஏதோ முனகிக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் கரண்டியோடு முருகன். உதடு, தாடி, தலையணை எல்லாம் சீனி.

"அப்பா எந்திரிக்கல அண்ணே. இன்னும் போடவா?"

ஆட்டோ பிடித்து ஓடினோம். சர்க்கரை, கருவி காட்டும் அளவையெல்லாம் தாண்டியிருந்தது. காய்ச்சலும் உடம்பில் நீர் வற்றியதும்தான் காரணம், வயதானவர்களுக்குச் சத்தமில்லாமல் இப்படி ஏறிவிடும், அந்தச் சீனியால் வந்ததில்லை என்றார் டாக்டர். அண்ணாச்சி பிழைத்தார். ஆனால் மனசு தேறவில்லை.

"கொறஞ்சாலும் இப்படித்தான் கெடக்கேன், கூடுனாலும் இப்படித்தான் கெடக்கேன். அவனுக்கு எப்படிப் பிரிச்சுச் சொல்லிக் குடுப்பேன் தம்பி?"

டாக்டருக்கே ஊசி குத்திப் பார்த்தால்தானே தெரிகிறது.

முருகனோ ஆஸ்பத்திரியில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "நான்தான் அப்பாவ எழுப்புனேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாலே, நீதான்," என்றார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அண்ணாச்சி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. முருகனைச் செல்வி அழைத்துக்கொண்டாள். பிறகு அவர்களும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நான் இருந்த அறை எந்த உயரத்தில் இருந்தது என்றுகூட இப்போது தெரியவில்லை.

பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் என் டாக்டர். வைத்திருக்கிறேன். பகலில் சில நேரம் அசையாமல் படுத்துக் கிடக்கிறேன். சரியோ தப்போ, பதறிப்போய் என் வாயில் சீனி அள்ளிப் போட ஆள் இல்லை.