இடப்பக்கத்து எடை

அறுபது வயதைக் கடந்த பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள நேர்ந்தவன் நான். அதுவரை நான் அறிந்த வாகனம் பேருந்து ஒன்றே. அரூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், சன்னலோரம் அமர்ந்து பதிகங்களை முணுமுணுத்தபடியே போய் வந்தேன். வழி ஓட்டுநர் பொறுப்பு, நாவு மட்டும் என் பொறுப்பு என்பதில் ஒரு நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதி என் மனைவியின் சிறுநீரகங்களோடு போயிற்று. குறித்த நாட்களில் அரூருக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். எங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்த பேருந்தோ, ஏரிக்கரைப் பாதை மழையில் அரித்துப் போனதிலிருந்து தார்ச்சாலையோடு திரும்பிவிடுகிறது. அங்கிருந்து வீடு வரை அவளால் நடக்க இயலாது. ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தால் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராமற்போன ஒரு நாளின் மறுநாள் அவள் கால்கள் வீங்கி, கொலுசு தோலுக்குள் புதைந்து கிடந்தது. அதைக் கழற்ற முயன்றுகொண்டிருக்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். அவளை நானே கொண்டுபோவேன்.

பாப்பாரப்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கும் அவள் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிக்காமல் கேட்டுக்கொண்டதே எனக்குச் செய்த உபகாரம். தர்மபுரியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு கடைக்கு அழைத்துச் சென்று, எருமைக்கடா போல் நின்ற ஒரு வண்டியின்மேல் என்னை ஏற்றினான்.

“இதுல போனா ஊர்ல ஒரு மரியாத இருக்கும் மாமா.”

என் கால்விரல் நுனி மட்டும் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.

“மரியாத எட்டுது மாப்ள. காலுதான் எட்டல.”

“அப்ப ஸ்கூட்டரு எடுத்துக்கங்க. கியரு தொல்லையே இல்ல.”

அதற்கும் நான் உடன்படவில்லை. அரித்துப்போன பாதையில் கல்லும் மணலும் மாறி மாறி வருகின்றன. சிறிய சக்கரம் அங்கே வழுக்கும். உறவினர் ஒருவரின் ஸ்கூட்டரிலிருந்து என் மனைவி ஒருமுறை அங்கேதான் சரிந்து விழுந்தாள். மேலும், ஏறி அமர்ந்தால் என் இரு உள்ளங்கால்களும் முழுமையாகத் தரையில் படவேண்டும். சாய்ந்துவிட்டால் பிறர் உதவியின்றி நானே நிமிர்த்தவேண்டும். வாசலில் பின்னோக்கித் தள்ளித் திருப்ப முடியவேண்டும். இறைவன் ஏறும் விடையை எத்தனையோ பாடல்களில் பாடியிருக்கிறேன். ஆனால் எனக்குக் காளை வேண்டியிருக்கவில்லை, கன்று போதும்.

அந்தக் கன்று கடத்தூரை அடுத்த ஒரு தோட்டத்து வீட்டில் கிடைத்தது. நூறு சிசி வண்டி. பழையது, ஆனால் எலும்பும் தோலுமாய் இலேசானது. அமர்ந்தேன், இரு கால்களும் ஊன்றின. அதைப் படுக்க வைத்து நிமிர்த்திப் பார்த்தேன், எழுந்தது. பின்னிருக்கையின் இடப்பக்கம், சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கக் கம்பிவலையும், பெண்கள் ஒருபக்கமாய் அமர்ந்து பாதம் வைக்கும் மடக்குப் பலகையும் இருந்தன. யாரோ எனக்காகவே செய்துவைத்தது போல் தோன்றியது.

வண்டிக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்க குடியானவர். ஓசூரில் வேலை கிடைத்துவிட்டதால் விற்பதாகச் சொன்னார். பேச்சு முடிந்து நான் கைப்பிடியைத் தொட்டபோது, அவர் மனைவி கதிரரிவாளோடு வந்தார். கைப்பிடியின் இடது பக்கத்தில் மஞ்சள் கயிறு ஒன்று, வெயிலில் வெளுத்து, பல முடிச்சுகளாய்க் கட்டப்பட்டிருந்தது.

“கயத்த மட்டும் அறுத்து நாங்க வச்சிக்கறமுங்க. மாடு வித்தாலும் கயிறு குடுக்கற வழக்கம் இல்லீங்க எங்களுக்கு.”

“கோயிலில் கட்டியதா அம்மா?”

“ஆமாங்க. மாரியம்மங் கோயில்ல.”

சந்நிதியில் கட்டிய கயிற்றை அரிவாளால் அறுப்பதா? “மாடு வேறுங்க, இது வேறுங்க. அம்மன் காப்பு. அது பாட்டுக்கு இருக்கட்டும்,” என்றேன். அக்கம்பக்கத்துக் கோயில்களில் நான் பதிகம் பாடுவதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

“சாமி தெரிஞ்சவரு சொல்றீங்க. சரிங்க,” என்று அந்த அம்மாள் அரிவாளைத் தாழ்த்தினார். ஆனால் வண்டி வாசலைக் கடக்கும் வரை அவர் கண் என்மீது இல்லை. காலியான பின்னிருக்கையின்மீது இருந்தது.

ஏரிக்கரையில் மைத்துனன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். இடக்கையால் பிடித்திருக்கும் கிளட்சை மெல்ல விடவேண்டும் என்பதுதான் முதற்பாடம். படீரென்று விட்டு வண்டி துள்ளி நின்றபோதெல்லாம் அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு நானே ஓர் உபாயம் கண்டேன். ஒரு பதிகத்தின் முதலடியை இழுத்துப் பாடி, அது முடிகிற இடத்தில் கை முழுதும் விடுபடும்படி பழகினேன். வண்டி வழிக்கு வந்தது.

“மாமா வண்டிக்கே தேவாரம் பாடிக் காட்டறாரு,” என்று அவன் தன் அக்காவிடம் சொல்லிச் சிரித்தான்.

ஆனால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. நேரே போகவேண்டுமானால் நான் உடலை வலப்பக்கம் சற்றே சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கியர் மாற்றும் ஒவ்வொரு குலுங்கலுக்கும், எனக்குப் பின்னால் யாரோ முன்னும் பின்னும் அசைந்து நிலைகொள்வது போன்ற ஒரு சிறு தாமதம் இருந்தது. புதிதாக ஓட்டுபவனுக்கு எது இயல்பு என்று தெரியாது. எல்லா வண்டியும் இப்படித்தான் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

“இடப்பக்கம் சாயுதே மாப்ள.”

அவன் ஏறி ஒரு சுற்று வந்தான். “ஒண்ணுமில்ல மாமா. அம்பு மாதிரி போவுது. நீங்கதான் கோணலா ஒக்கார்றீங்க.”

அவன் பருத்த ஆள். அந்தச் சிறு எடை அவனுக்குத் தெரிந்திராது என்று பின்னர் நினைத்துக்கொண்டேன்.

மடக்குப் பலகை அடுத்தது. ஒவ்வொரு மாலையும் வண்டியை வாசலில் நிறுத்தி, கால் இடிக்காதிருக்க அதை மடக்கி வைப்பேன். காலையில் நீர் தெளிக்க வரும்போது அது விரிந்திருக்கும். தளர்ந்திருக்கிறது என்று நினைத்து விரலால் அழுத்திப் பார்த்தேன். அது இறுக்கமாயிருந்தது. மடக்கவே கட்டைவிரல் வலித்தது. எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இருவரே. அவளால் குனிய முடியாது.

நண்பகல் வெயிலில் ஒரு நாள் தனியே தார்ச்சாலை வரை போனேன். மரவள்ளிக் காடுகளில் ஆள் அரவமே இல்லை. சாலை இரண்டாய்ப் பிரியும் இடத்தில் வலப்புறம் அரூர், இடப்புறம் கடத்தூர். நான் வலப்புறம் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. குழந்தை ஒன்று முந்தானையைப் பற்றி இழுப்பது போல, முரட்டுத்தனம் ஏதுமின்றி, அது இடப்புறம் இழுத்தது. நிறுத்திக் காலூன்றினேன். என்ஜின் அடங்கிய அமைதியில், பின்னிருக்கையின் சுருள்வில் ஒருமுறை கிறீச்சிட்டது. யாரோ உடலைத் திருப்பிக் கடத்தூர்ச் சாலையைப் பார்ப்பது போல.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்த பதிகங்கள் அத்தனையும் நாவிலிருந்து அகன்றுவிட்டன.

என் வாழ்நாளெல்லாம் நான் பாடியது தன் உடலின் இடப்பாகத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தவனை. அந்த வரிகளில் குரல் குழையும்படி பாடுவேன் என்று பிறர் மெச்சுவார்கள். இடப்பக்கம் ஒருத்தியை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நேராக நிற்கிறான் என்று அதுவரை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

உரிமம் கைக்கு வந்தது. ஒரு நாள் ஆட்டோ மறுபடியும் வரவில்லை. என் மனைவி பொழுது விடிந்ததிலிருந்து பையோடு வாசற்படியில் அமர்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது.

“ஏங்க, நீங்களே கொண்டு போயிருங்க. இன்னைக்கு வுட்டா மூச்சு முட்டிக்கும்.”

வண்டியை அவளருகே கொண்டுபோய் நிறுத்திக் காலூன்றினேன். அவள் என் தோளைப் பற்றி, பலகையில் காலை வைத்து ஏறினாள். அடுத்த கணமே இறங்கிவிட்டாள்.

“என்ன ஆச்சு?”

“எடமே இல்லீங்க.”

திரும்பிப் பார்த்தேன். கருப்பு இருக்கை நீளமாய்க் காலியாய் இருந்தது. காலை வெயில் அதன்மேல் விழுந்திருந்தது.

“நல்லா ஒக்காந்து பாரு.”

அவள் மீண்டும் ஏறினாள். வண்டி என் இரு கால்களுக்கும் தாங்காத பாரமாய் இடப்பக்கம் சரிந்தது. பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன். “ஓரத்துல தொங்கிட்டிருக்கறன். என்னமோ இடிக்குதுங்க,” என்றாள். பயத்தோடு அல்ல, நெரிசலான பேருந்தில் பக்கத்து ஆளைக் குறை சொல்வது போல இயல்பாகச் சொன்னாள். அதுதான் எனக்கு அச்சமாயிருந்தது.

அவளை இறக்கி உட்கார வைத்துவிட்டு மைத்துனனுக்குப் போன் செய்தேன். அவன் தெரிந்தவரின் கார் ஒன்றை அனுப்பி, அன்றைய பொழுதைக் காப்பாற்றினான். அதில் அவளை அனுப்பிவிட்டு, நான் வண்டியை எடுத்தேன். சாலை பிரியும் இடத்தில் இம்முறை நான் திருப்பவே இல்லை. வண்டியே இடப்புறம் திரும்பிற்று. வழியெல்லாம் அது என்னைக் கேட்காமலே போனது.

தோட்டத்து வீட்டில் அந்த அம்மாள் மட்டும் இருந்தார். மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர், வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

“அந்தக் கயிறு யாருக்காக அம்மா கட்டியது?” என்று கேட்டேன்.

“எங்க மாமியாருக்குங்க. பூ மார்க்கெட்டுக்கு எங்கூட்டுக்காரரு பின்னாடியேதான் ஒக்காந்து போவாங்க. ஒருக்கா தவறி உழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் அத்த வண்டிய வுட்டு எறங்காம இருக்கோணும்னு வேண்டிக் கட்டுனதுங்க.”

“இப்போது?”

“ஒடம்பு சரியில்லன்னு அரூருக்கு இதுலதான் கூட்டிட்டுப் போனாருங்க. திரும்பி வர்றப்ப வேன்ல வந்தாங்க, உசுரு இல்லாம. வண்டிய மறுநாளு போயி எடுத்துட்டு வந்தோம்.” வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்: “அதுக்குத்தாங்க அறுக்க வந்தேன். நீங்க சாமிக் கயிறுன்னுட்டீங்க.”

நான் இறங்கவில்லை. இறங்கினால் வண்டி சாய்ந்துவிடும் என்று தோன்றியது. அவர் உள்ளே சென்று அரிவாளைக் கொண்டுவந்தார். இம்முறை நான் கையை விலக்கிக்கொண்டேன். முடிச்சுகள் காய்ந்து கல்லாகியிருந்தன. கயிறு அறுபட்டு அவர் உள்ளங்கையில் விழுந்ததும் அவர் வண்டியின் பின்புறம் பார்த்து, நாள்தோறும் சொல்வது போன்ற குரலில் சொன்னார்.

“வூடு வந்திருச்சுங்க அத்த. எறங்குங்க.”

சுருள்வில் மெல்ல எழும்பியது. இருக்கையின் பின்பாகம் ஒரு விரல்கடை உயர்ந்ததை என் இடுப்பு உணர்ந்தது. கட்டுத்தறியில் நின்ற மாடு தலையைத் தூக்கி, வாசலிலிருந்து வீட்டுக்கதவு வரை எதையோ தொடர்ந்து பார்த்து, பிறகு தட்டில் வாய் வைத்தது.

திரும்பும் வழியில் ஏரிக்கரை வளைவில் நான் விழுந்தேன். வலப்பக்கம் விழுந்தேன். சாய்ந்து சாய்ந்து பழகிய உடம்புக்கு இடப்பக்கம் யாரும் இல்லாத வண்டியை ஓட்டத் தெரியவில்லை. முழங்கையில் சிராய்ப்போடு மணலில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். பிறகு வண்டியை நானே நிமிர்த்தினேன். நான் சோதித்து வாங்கியபடியே அது இலேசாக எழுந்தது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும் நாளில் என் மனைவி ஏறி அமர்ந்தாள். இடம் இருந்தது. இடப்பக்கம் வண்டி தாழ்ந்தது. என் உடல் தன்னாலே வலப்பக்கம் சாய்ந்து அதைச் சமன் செய்தது. பதிகத்தின் முதலடி முடியும் இடத்தில் கிளட்ச் விடுபட்டது. கல், மணல், அரிப்பு எல்லாவற்றையும் கடந்து, தண்ணீர் தளும்பாத குடம்போல் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

“ரொம்ப நாளா ஆள ஏத்திப் பழகுனவராட்டம் ஓட்டறீங்க,” என்றாள்.

அதன்பின் நாள் தவறாமல் போய் வருகிறோம். மடக்கிய பலகை மடக்கியபடியே இருக்கிறது. ஆனால் சென்ற மாதம் அவள் உடல் இன்னும் மெலிந்துவிட்டது. ஏறி அமரும்போது வண்டி முன்போல் தாழ்வதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்து என்னிடம் நீட்டினாள்.

“கைப்புடில கட்டுங்க. எங்கியாவது மயங்கி உழுந்துருவனோன்னு பயமா இருக்குது. ஆத்தா புடிச்சுக்குவா.”

கடத்தூர் வீட்டில் நடந்தது எதையும் நான் அவளிடம் சொன்னதில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எதுவரைக்கும் செய்யும் என்பதும் தெரியும். அவள் வாசற்படியில் பையோடு காத்திருந்தாள்.

கைப்பிடியின் இடது பக்கத்தில் கட்டினேன். ஒரு முடிச்சு போதும். நான் அதன்மேல் இன்னொன்று போட்டேன், அதன்மேல் இன்னொன்று, அவிழ்க்கவே முடியாதபடி இறுக்கினேன். பிறகு குனிந்து பலகையை விரித்துவிட்டு, “ஏறு” என்றேன்.