துரை கொடுத்த லென்ஸ்

பழைய லென்ஸை எப்படிப் பார்த்து வாங்குவது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தெரியாமல் ஏமாந்தவன் இல்லை நான்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காலம். செருப்பு, குடை, சாமி படம் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கிற ஊரில் லென்ஸ் மட்டும் தப்புமா? பழைய லென்ஸ் எது வந்தாலும் பின்னாலிருந்து டார்ச் அடித்து, சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். உள்ளே நூலாம்படை மாதிரி ஏதாவது தெரிந்தால் வாங்க மாட்டேன்.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்புவதாகவும், கேமரா சாமான்களை விற்பதாகவும் அவருடைய சமையல்காரர் சொல்லி அனுப்பினார். போனேன். பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். துரை லென்ஸை நீட்டினார். டார்ச் சட்டைப் பையில்தான் இருந்தது. கை அதுவரை போய்த் திரும்பிவிட்டது. துரை கொடுத்த பொருளை அவர் கண்ணெதிரே சோதிப்பதா? என் அப்பா அந்த மாதிரி வாசல்களில் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர். நானும் இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்ய, திருப்பிக் கொடுக்கவா முடியும்?

படங்கள் மங்கலாக வந்தன. குளிரில் படம் கழுவுகிற மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் நோர்வூட் பக்கத் தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வந்தார். திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். முகம் தெளிவில்லை என்று பாஸ்போர்ட் ஆபீசில் கடிதம் எழுதிப் படத்தைத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கடிதம் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

அவர் மறுபடியும் வந்து படத்தை மேசைமேல் வைத்தார். நான் உள்ளே போய், முதல் தடவையாக அந்த லென்ஸில் டார்ச் அடித்தேன். ஒட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் வேர் ஓடியிருந்தது. கழற்றிவிட்டு, என் பழைய லென்ஸையே மாட்டினேன்.

“பேத்திக்கு ஒரு மாசம் ஆச்சுங்க” என்றார் அந்த அம்மா. “என் மூஞ்சிதான் வெயில்ல கறுத்துப் போச்சே, அதான் படத்துல விழல போல. நீங்க என்னங்க செய்வீங்க?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

“ஆமாம்மா, கொஞ்சம் பவுடர் போட்டுக்கங்க” என்று டப்பாவை நகர்த்தினேன்.

அவர் கண்ணாடி முன்னால் நின்று, அழுத்தி அழுத்திப் பூசிக்கொண்டார்.